கண்ணை அளக்கும் கேள்விகள்

கண் வைத்தியரிடம் போனால் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லுகிறார். ஹாலந்து தேசத்து ஸ்நெல்லன் 1862-ல் வகுத்த முறை அது. பரீட்சை மார்க்கு மட்டும் பிள்ளையின் கல்வியைக் காட்டாது என்பது ஆசிரியரான நமக்குத் தெரியும். பலகையின் சங்கதியும் அப்படித்தான்.

பரம்பரையாக வரும் விழித்திரை நோய் ஒன்றில் இரவுப் பார்வையும் பக்கப் பார்வையுமே முதலில் தேயும். மேலூர்க் குடியானவர் ஒருவருக்கு அது வந்ததாக வைத்துக்கொள்வோம். பலகையின் கடைசி வரியைக்கூட அவர் வாசித்துவிடலாம். பொழுது சாய்ந்தபின் வரப்பில் நடக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்! நீரிழிவால் விழித்திரையின் மையம் கெட்டவருக்கோ நேர்மாறான கஷ்டம். தெருவில் நடந்துவிடுவார், எதிரே வரும் சம்பந்தியின் முகம் தெரியாது. கர்வம் பிடித்தவர் என்று ஊர் பேசும்.

இவற்றைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், கண்புரை நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தைக் கேள்விகளால் அளந்த ஆராய்ச்சி 1997-ல் வெளிவந்தது. அமெரிக்கர் 2001-ல் வெளியிட்ட 25 கேள்விப் பட்டியலில் மோட்டார் ஓட்டுவது பற்றியும் உண்டு. பஸ்ஸை நம்பி வாழும் உசிலம்பட்டிக் கிழவி அதற்கு என்ன சொல்வாள்? டில்லி, ஹைதராபாத், மதுரை மூன்றிடத்தும் நோயாளிகளையே பேசவிட்டு, 33 கேள்விகள் கொண்ட சுதேசிப் பட்டியல் 2005-ல் உருவாயிற்று. அன்றாட வேலை, மனவேதனை, கண்ணின் உபாதை ஆகிய மூன்றையும் அது விசாரிக்கிறது.

கேட்கும் விதமும் முக்கியம். மருமகள் எதிரில் “எல்லாம் தெரிகிறது” என்னும் மாமியார், தனியே கேட்டால் வேறு சொல்வாள். சிதைந்த விழித்திரையைப் பெரும்பாலும் மீட்க இயலாது. கைத்தடியா, பூதக்கண்ணாடியா, நடைப்பயிற்சியா என்று தீர்மானிக்க அந்தத் தனிப்பேச்சே உதவும்.