மண்பொம்மை சொல்லும் கதை

ஓமந்தூரிலிருந்து வடக்கே சென்றால் வந்தவாசி. தெற்கே சென்றால் புதுச்சேரி. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்நாட்டுக்காகப் பொருதிய களங்கள் இவை. 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1778-இல் புதுச்சேரியைக் கைப்பற்றினார் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ. இவரது குடும்பத்துத் துயரமொன்று இங்கிலாந்தில் மண்பொம்மையாகி, இன்று பழம்பொருள் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்கும் அரும்பொருளாயிற்று என்றால் வியப்பன்றோ!

1792 டிசம்பரில் மன்றோவின் மகன், வங்காளத்துச் சாகர்த் தீவில் வேட்டைக்குச் சென்ற இடத்தில் புலியின் வாய்ப்பட்டு மாண்டார். அச்செய்தி எங்கும் பரவியது. திப்பு சுல்தானின் புகழ்பெற்ற மரப்புலி, அதாவது வெள்ளையன்மேல் பாய்ந்து உறுமும் அந்த இசைப்பொறி, இந்நிகழ்ச்சியை நினைந்தே செய்யப்பட்டது என்பது பலர் கருத்து. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது இலண்டன் சென்றது. இன்றும் அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 1820 முதல் 1830 வரையிலான காலத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் இதே காட்சியை மண்ணில் வடித்தனர். பீடத்தில் மன்றோவின் பெயரைப் பொறித்தபோது ஓர் எழுத்தை மிகையாகச் சேர்த்துவிட்டனர்!

ஸ்டாஃபோர்ட்ஷயர் பொம்மைகள் செல்வர்க்கென்று செய்யப்பட்டவை அல்ல. உழைப்பாளர் இல்லங்களில் கணப்படுப்பின் மேல்தட்டை அழகுசெய்த மலிவுப் பொருள்கள் அவை. ஆடு மேய்ப்போர், நாய்கள், அரச குடும்பத்தினர், எகிப்துக்குச் செல்லும் திருக்குடும்பம் என்று பல வகை உண்டு. சுவரை ஒட்டி வைப்பதால் 1840-க்குப்பின் பலவற்றின் முதுகைத் தட்டையாக, வண்ணமின்றியே விட்டனர்.

அவ்வழகின் பின்னே கண்ணீரும் உண்டு. அச்சுகளைச் சுமந்துகொண்டு வெப்பம் மிக்க உலர்த்தும் அறைக்குள் நாள் முழுதும் ஓடியவர்கள் சிறுவர்கள். மெருகில் கலந்த ஈயத்தால் தொழிலாளர் கைகால் முடங்கினர். 1840-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிவந்த அரசாங்க ஆணைக்குழு அறிக்கை இக்கொடுமைகளை உலகறியச் செய்தது. பொம்மையின் விலையைப் பேசுவோர் இதையும் நினைத்தல் நன்று.

விலை ஏறியதும் போலிகளும் பெருகின. பழைய பொம்மைகளில் களிமண் தகட்டை அச்சில் கையால் அழுத்தினர். ஆதலால் உட்புறம் சமமின்றி இருக்கும், எடையும் மிகும். பிற்காலப் போலிகளில் கூழ்மண்ணை அச்சில் ஊற்றுவதால் எடை குறைவு. அடியிலுள்ள துளையும் பெரிது. எங்கும் ஒரே சீராகப் பழுப்பேறிய வெடிப்புக்கோடுகள் தெரிந்தால் ஐயுறவேண்டும். உண்மையான தேய்மானம் தரையில் பட்ட அடிப்பகுதியிலேயே காணப்படும்.

கடல் கடந்த நாட்டின் மலிவு மண்பொம்மைக்கே இத்தனை வரலாறு இருக்குமாயின், நம் வீடுகளில்? நம் ஐயனார் கோயில்களின் சுடுமண் குதிரைகள் உடைந்து மண்ணோடு மண்ணாகின்றன. பாட்டியார் பேணிய கொலு பொம்மைகளும் பீங்கான் ஜாடிகளும் பரணில் கிடந்து, பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போகின்றன. செய்த ஊர் எது, வாங்கிய ஆண்டு எது, வைத்திருந்தவர் யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வைப்போம். முதியோர் நம்மோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுவோம். விவரம் தெரியாத பொருள் வெறும் ஓடு. கதை தெரிந்த பொருளோ குடும்பச் சொத்து.