ஊசித்துளை அளவு உரிமை

ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு இறங்கும் இடத்திலும் மாவு காயும் களத்திலும் இப்போது கேமரா வைக்கிறார்கள். இணையத்துக்கான ரௌட்டர் ஆபீஸ் அறையில் ஏதாவது ஓர் ஆணியில் தொங்கும். அதைப் பொருத்தியவர் வைத்த பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டால், காசு கொடுத்து வாங்கிய முதலாளி தன் பெட்டிக்கே அந்நியர். பெட்டியின் பின்பக்கம் ஓர் ஊசித்துளை இருக்கும். கரண்ட் ஓடும்போதே அதில் ஊக்கு முனையை விட்டுப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் விளக்குகள் அணைந்து மறுபடி எரியும். அடியில் ஒட்டிய சீட்டிலுள்ள பாஸ்வேர்டு திரும்பவும் செல்லுபடியாகும். இவ்வளவுதானா பூட்டு என்று தோன்றலாம். இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பெரிய நிறுவனங்களின் சிஸ்கோ ரௌட்டரிலும் இதே ஏற்பாடுதான், கொஞ்சம் நாசூக்காக. கன்சோல் கேபிளைச் செருகி, பெட்டி உயிர் பெறும் முதல் நிமிடத்தில் பிரேக் விசையை அழுத்தி, 0x2142 என்ற எண்ணைக் கொடுத்தால், சேமித்த அமைப்புகளைப் படிக்காமலே எழும். பிறகு பழைய அமைப்புகளை ஏற்றிப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி, எண்ணை 0x2102க்குத் திருப்பிச் சேமிக்கலாம். இரண்டிலும் பொதுவானது ஒன்று: பெட்டியைத் தொடும் தூரத்தில் ஆள் நிற்க வேண்டும். தொலைவில் இருப்பவனைப் பாஸ்வேர்டு தடுக்கும்; பக்கத்தில் வருபவனைத் தடுப்பது அறைக் கதவின் வேலை.

அப்படியானால் திருடனும் திறக்கலாமே என்பது நியாயமான கேள்வி. அதற்காகவே இந்தப் பின்வழியை அடைக்கும் கட்டளையும் சிஸ்கோவில் உண்டு. அடைத்தால் என்ன ஆகும் என்பதை சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் 2008 ஜூலையில் கண்டுகொண்டது. நகரின் ஃபைபர் வலையமைப்பைக் கவனித்துவந்த டெர்ரி சைல்ட்ஸ் பாஸ்வேர்டுகளைத் தர மறுத்தார். மீட்பு வழியையும் முன்பே அடைத்து வைத்திருந்தார். வலையமைப்பு என்னவோ ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உரிமையாளரால் உள்ளே நுழைய முடியவில்லை. வலிந்து நுழைந்தால் அமைப்புகள் அழிந்துவிடும். கைதாகிச் சிறையில் இருந்தவரை மேயர் கேவின் நியூசம் நேரில் போய்ப் பார்த்த பிறகே பாஸ்வேர்டுகள் கிடைத்தன. 2010இல் சைல்ட்ஸுக்கு நான்கு ஆண்டு தண்டனை. தெருமுனைப் பெட்டிக்கு வேண்டுமானால் அந்த அடைப்பு பொருந்தும். பூட்டிய அறைக்குள் இருப்பதற்கு, திருடனைவிட உரிமையாளரையே அது அதிகம் படுத்தும்.

உண்மையான திருட்டு வேறு வாசலில் நடக்கிறது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் எந்த ஊசித்துளையையும் தொடவில்லை. தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தே லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரௌட்டர்களுக்குள் புகுந்தது. பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதைச் சட்டத்தாலேயே தடுத்தது. ஆகவே ரீசெட் செய்த கையோடு புதிய பாஸ்வேர்டு வைக்காமல் இணையத்தில் சேர்ப்பதுதான் ஆபத்து.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஃபைபர் இணைப்புக்குக் கேபிள்காரர் தந்த பெட்டியை ரீசெட் செய்தால், அவர் பதிந்த பயனர் பெயரும் போய் இணைப்பே நின்றுவிடலாம். அவரிடம் சொல்லிவிட்டு ஊக்கை எடுப்பது உத்தமம். அடியிலுள்ள சீட்டையும் மாவுத் தூசியில் எழுத்து மங்குவதற்குள் போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம்.