கூரையில்லாத தேவாலயமும் உடுவில் வீடும்

1816 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொழும்பில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார், அதே ஆண்டில் யாழ்ப்பாணம் சென்றனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திப் பின்னர் கைவிடப்பட்ட தேவாலயங்கள். சுவர் நின்றது, கூரை இல்லை. டானியேல் பூவரும் அவர் மனைவி சூசனும் தெல்லிப்பழையில் குடியிருந்து அந்தச் சுவர்களுக்குக் கூரை போடுவித்தார்கள். 1821 இல் சூசன் இறந்துபோனார்.

இந்த மிஷனைப் பற்றிப் பேசுபவர்கள் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியையும், மைரன் வின்ஸ்லோவின் பெயரில் 1862 இல் வெளிவந்த தமிழ் - ஆங்கில அகராதியையும் சொல்வார்கள். வின்ஸ்லோவின் மனைவி ஹரியற்றின் பெயர் அவ்வளவாக வெளியில் வருவதில்லை. ஆனால் கோவில் கூரையைவிட உறுதியான ஒன்றைக் கட்டியவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

1819 இல் கணவரோடு பொஸ்ரனில் கப்பலேறிய ஹரியற், 1820 இல் உடுவிலுக்கு வந்தார். பெண்பிள்ளை எழுத்துப் படிப்பது குடும்பத்துக்கு ஒவ்வாத காரியம் என்று கருதப்பட்ட காலம் அது. மழை பெய்த ஓர் இரவில் இரு சிறுமிகள் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் தங்கிச் சாப்பிட்டதாகவும், அதை அறிந்த தகப்பன், "இனி நீங்களே இவர்களை வைத்துப் படிப்பியுங்கள், கலியாணமும் செய்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி அதுதான்.

ஆரம்பத்தில் சோறும் உடையும் படிப்பும் இலவசம். கிறிஸ்தவ முறைப்படி மணம் செய்யும் பிள்ளைக்குச் சிறு சீதனமும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு விலையும் இருந்தது. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்கள் பல பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. பெற்ற தாய் வைத்த பெயர் வீட்டோடு நின்றுவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எமது பெண்களின் நினைவு வரும். பொரளையில் சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் வன்னித் தாய்மாரோடு நான் வேலை செய்கிறேன். யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் உதவி கேட்டுப் போகும் இடங்களில் படம் எடுக்கிறார்கள், கணவர் எப்படி இறந்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெயரை யாரும் மாற்றவில்லை. ஆனாலும் "விதவை, 3 பிள்ளைகள்" என்று எழுதிய கடதாசியில் அந்தத் தாயை எங்கே தேடுவது?

அதற்காக ஹரியற்றைக் குறைசொல்லி முடித்துவிடவும் மனம் வரவில்லை. அவரும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். மூத்த மகன் சாள்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1832 இல், 11 வயதில், அவன் அங்கே இறந்தான். கப்பலில்தான் கடிதம் வந்த காலம்; மகன் போய்ப் பல மாதங்களின் பின்னரே தாய்க்குத் தெரியவரும். 1833 ஜனவரியில் ஹரியற்றும் உடுவிலில் கண்ணை மூடினார்.

பாடசாலை மூடப்படவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் பொறுப்பேற்றார்கள். பின்னர் நியூயோர்க்கிலிருந்து வந்த எலைசா அக்னியூ, மணம் செய்யாமலும் ஒரு தடவையேனும் ஊர் திரும்பாமலும் 40 வருடமளவு அங்கே படிப்பித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். 1883 இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். காலம் போகப்போகப் பெற்றோர் தாங்களே கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். காசு தந்தவரின் பெயரைப் பிள்ளை சுமக்க வேண்டிய தேவை அப்போது இல்லாமல் போனது.

இந்தக் கதையை ஒரு நாள் தாய்மாருக்குச் சொன்னேன். தெல்லிப்பழையிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த ஓர் அம்மா குறுக்கிட்டு, "பிள்ளை, அந்த முதல் ரெண்டு பெட்டையளின்ர தாய் என்ன சொன்னவவாம்?" என்று கேட்டார். கதையில் தகப்பன்தான் பேசுகிறார், தாய் வருவதில்லை என்றேன்.

"அப்ப பாதிக் கதைதான் எழுதியிருக்கினம்" என்றார் அவர். அடுத்த கிழமை உதவிப் படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பிக்கொண்டு வந்தார். முதல் வரியில் தன் முழுப்பெயர். கணவரைப் பற்றிய கேள்விக்கு நேரே ஒரு சிறு கோடு.