சந்தாவா, சாசுவத உரிமையா?

கணக்கெழுதவும், கடிதம் அனுப்பவும், சரக்கிருப்பைக் கவனிக்கவும் நமது வியாபாரிகள் கம்ப்யூட்டர் மென்பொருளையே நம்பியிருக்கும் காலம் இது. அதனை ஒரே முறை பணம் கொடுத்துச் சாசுவத லைசென்ஸாக வாங்குவதா, அல்லது சந்தா கட்டிக் 'கிளவுட்' வழியே அனுபவிப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு முதலாளியின் முன்பும் நிற்கிறது. அநேகர் இதை வெறும் விலைக் கணக்காக எண்ணி முடிவு செய்கிறார்கள். இது பாத்தியதையைப் பற்றிய விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

சந்தா முறையில் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கைம்முதல் குறைந்தவர் பெருந்தொகையை முடக்காமல் தொழில் தொடங்கலாம். சர்வர் வாங்கி, அதைப் பராமரிக்க ஆள் அமர்த்தும் செலவில்லை. குமாஸ்தாக்கள் குறைந்தால் அடுத்த தவணையில் சந்தாவும் குறையும். சட்டம் மாறினால் மென்பொருளும் மாறி வந்து சேரும். 2017 ஜூலை 1ந் தேதி ஜி.எஸ்.டி. அமுலுக்கு வந்தபொழுது, பழைய கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தவருக்கு அந்தச் சாசுவத லைசென்ஸ் என்ன பயன் தந்தது?

சாசுவதம் என்னும் சொல்லைக் கண்டு மயங்கவும் கூடாது. அது சுத்தக் கிரயமன்று, அனுபோக பாத்தியதையே. மைக்ரோஸாப்ட் கம்பெனி தனது ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகியவற்றுக்கு அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ந் தேதியோடு முடிந்தது. மென்பொருள் இன்னும் ஓடும். ஆனால் அது காவலில்லாத வீடு.

ஆயினும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. சாசுவத லைசென்ஸ் உடையவர் பழையதைக் கொண்டே சில வருஷம் காலந்தள்ளலாம். சந்தாக்காரருக்கு அவ்வழியில்லை, தவணை தவறினால் கதவு சாத்தப்படும். பெரிய கம்பெனிகள் இந்த வழியையே விரும்புகின்றன. இனிப் புதுப் பதிப்புகள் சந்தாவில் மாத்திரமே என்று அடோப் 2013 மே மாதத்தில் அறிவித்தது. விஎம்வேர் ஸ்தாபனத்தை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே சாசுவத லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டது. செலவு பன்மடங்கு உயர்ந்ததென்று வாடிக்கைக்காரர் பலர் முறையிட்டனர்.

பணம் கட்டியிருந்தாலும் கதவு சாத்தப்படலாம் என்பதையும் பார்த்தோம். குஜராத்தில் வாடினார் எண்ணெய் ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெப்டுக்குப் பங்குண்டு. அதன்மேல் ஐரோப்பிய யூனியன் 2025 ஜூலையில் தடை விதித்தது. நம் நாட்டுச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. ஆனாலும் சில தினங்களில் மைக்ரோஸாப்ட் சேவையை நிறுத்திற்று. முழுப்பணம் செலுத்திய லைசென்ஸ்களும், தன் சொந்தத் தகவல்களுமே கைக்கெட்டவில்லை என்று நயாரா டில்லி ஹைகோர்ட்டை அணுகியது. பின்னர் சேவை மீண்டது. கோர்ட்டுக்குப் போகும் சக்தியில்லாத சிறு வியாபாரியின் கதி என்ன?

1956ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 128வது பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 வருஷம் காப்பாற்றச் சொல்கிறது. மின்னணுக் கணக்குகளின் நகல் இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் இருக்க வேண்டுமென்று 2022ல் விதியும் திருத்தப்பட்டது. சந்தா நின்றுபோனால் அதிகாரியிடம் எதைக் காட்டுவது? பொறுப்பு கம்பெனியின் தலையில். புத்தகமோ பிறர் வீட்டில்!

ஆகவே நாம் கூறும் யோசனை இது. படம் வரைதல், தூரத்திலிருந்து கூட்டம் நடத்துதல் போன்ற, எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய காரியங்களுக்குச் சந்தா போதும். கணக்கு, வாடிக்கைக்காரர் விவரம் முதலிய தொழிலின் உயிர்நிலைகளைச் சொந்த இயந்திரத்தில் வைப்பதே விவேகம். அவற்றுக்கும் சந்தாவே வேண்டுமெனில், மூன்று ஷரத்துகளை எழுத்தில் பெறாமல் கையெழுத்திட வேண்டாம்: தகவல் முழுவதையும் வேண்டியபொழுது பிற மென்பொருளும் படிக்கும் வடிவில் எடுத்துக்கொள்ளும் உரிமை, சந்தா உயர்வுக்கு வரம்பு, சேவையை நிறுத்துமுன் போதிய கெடு.

தனி வியாபாரி கேட்டால் இவை கிடைப்பது அரிது. வர்த்தக சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்டால் மறுப்பது எளிதன்று. சங்கங்கள் இவ்வருஷக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமா?