கிடைக்கோடு, சாய்கோடு, வியட்நாம்

முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் திருச்சி கன்ட்ரோல் ஆபீஸில். எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் எதற்கு வழிவிட வேண்டும் என்று பார்ப்பது வேலை. அதற்கென்று ஒரு பெரிய சார்ட் உண்டு. இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ரயில் ஓடினால் சாய்கோடு, நின்றால் கிடைக்கோடு. ரிடையர் ஆகி மூன்று வருஷம் கழித்து, நானும் மனைவியும் வியட்நாம் போவது என்று முடிவானதும் நான் கையில் எடுத்தது ஒரு கிராஃப் தாளைத்தான்.

அந்த நாட்டின் உடல்வாகு அப்படி. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 1,650 கிலோமீட்டர் நீளம். மெலிந்த இடத்தில் அகலம் 50 கிலோமீட்டர்தான். நாடே ஒரு சிங்கிள் லைன் செக்‌ஷன் மாதிரி. ஹனோயிலிருந்து சைகோனுக்கு 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை, அதுவும் மீட்டர் கேஜ். பிரெஞ்சுக்காரர்கள் 1936இல் கட்டி முடித்தார்கள். போரில் துண்டுதுண்டாகி, 1976 டிசம்பர் கடைசியில்தான் முழுப்பாதையிலும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. நம் பக்கம் மீட்டர் கேஜை ஒவ்வொரு செக்‌ஷனாகப் பெயர்த்தெடுத்ததைப் பார்த்தவன் நான். அங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்விட வேண்டும் என்று ஆசை. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றதும் மனைவி, "என் முழங்காலைக் கேட்டீங்களா?" என்றாள்.

மச்சினன் மகன் ஒரு திட்டம் அனுப்பினான். ஹனோய், சாபா, ஹா லாங், நின் பின், ஹுவே, ஹோய் ஆன், தலாத், சைகோன், ஃபூ குவோக். ஒன்பது இடம். "எல்லாத்தையும் கவர் பண்ணிடலாம் மாமா!" தாளில் போட்டுப் பார்த்தேன். மழை பெய்த மாதிரி ஒரே சாய்கோடு. பதினான்கு நாள் பயணம் என்று வாய் சொல்கிறதே தவிர, திருச்சியில் ராத்திரி ஏறி, கோலாலம்பூரில் விமானம் மாறி, ஹனோயில் இறங்கி அறைக்குப் போகும்போது இரண்டாம் நாள் சாயங்காலம். கடைசி நாள் திரும்பும் விமானத்துக்கு. ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் அரை நாள் பெட்டி கட்டுவதிலும் வண்டிக்குக் காத்திருப்பதிலும் போகும். ஒன்பது இடம் பார்க்கிறேன் என்று புறப்பட்டவன் பார்த்தது பெரும்பாலும் ஹோட்டல் வரவேற்பறைகளாகத்தான் இருக்கும்.

வெட்ட ஆரம்பித்தேன். சாபா அழகான மலையூர்தான். ஆனால் ஹனோயிலிருந்து ஐந்தாறு மணி நேரம் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். ஃபூ குவோக் கடற்கரைத் தீவு. எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. தலாத்துக்குப் பதில் கொடைக்கானல் இருக்கிறது என்றாள் மனைவி. மிச்சம் ஆறு. வடக்கே இறங்கி, தெற்கே ஏறிவிட வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஹனோய்க்குப் போய் சைகோனிலிருந்து திரும்பும் டிக்கெட் கொஞ்சம் கூடுதலானாலும், வந்த வழியே திரும்புகிற செலவும் நாளும் மிச்சம்.

எந்த மாதம் என்பதுதான் பெரிய குழப்பம். ஒரே நாட்டில் மூன்று பருவம். தெற்கே மே முதல் அக்டோபர், நவம்பர்வரை மழை. நடுப்பகுதியில் செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை. நம் வடகிழக்குப் பருவமழை மாதிரிதான், ஹோய் ஆனில் அக்டோபர், நவம்பரில் தெருவில் படகு போகும். வடக்கே டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர்வரை புயல் பயம். நடுப்பகுதியை முதலில் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் ஓரளவு ஒத்துவரும். மார்ச் இரண்டாம் பாதி அப்படி அமைந்தது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வருகிற டெட் புத்தாண்டைத் தவிர்க்க வேண்டும். பாதிக் கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது. நம் தீபாவளி, பொங்கல் கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

விசா சிரமமில்லை. ஆன்லைனில் 25 டாலர், 90 நாள்வரை செல்லும். மூன்று வேலைநாள் என்கிறார்கள். நான் மூன்று வாரம் முன்பே போட்டேன். அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டி இரட்டிப்புப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய, முகவரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்களுக்கு வழக்கமான தலைவலி இன்ஷியல். அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, விசாவிலும் டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

இனி என் தொழில் ரகசியம் ஒன்று. ரயில் கடைசி ஸ்டேஷனை நெருங்கும் இடத்தில் அட்டவணையில் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் போட்டிருப்போம். பத்து கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிஷமா என்று பயணிகள் கேலி செய்வார்கள். அதை ஸ்லாக் என்போம். வழியில் எங்கே தாமதமானாலும் அதில் சரிக்கட்டிவிடலாம். எங்கள் தாளிலும் இரண்டு இடத்தில் ஸ்லாக் வைத்தேன். ஹனோயிலிருந்து ராத்திரி ரயில் ஏறுவதற்கு முன் ஒரு நாள். சைகோனில் விமானத்துக்கு முன் ஒரு நாள். "சும்மா உட்கார்றதுக்கு இவ்வளவு காசு குடுத்துப் போகணுமா?" என்றாள் மனைவி.

ஹா லாங் விரிகுடாவில் அவளுக்குப் பதில் கிடைத்தது. கடலுக்குள் ஆயிரத்து அறுநூறு சுண்ணாம்புக்கல் குன்றுகள். படகிலேயே ஒரு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. காலையில் பனிமூட்டம், படகுகளை விடவில்லை. எங்களோடு காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு மறுநாள் காலையிலேயே விமானம்; திரும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் கரையில் ஒரு அறை எடுத்து, மறுநாள் படகேறினோம். ஹனோய் ரயிலை அப்படியும் பிடித்தோம்.

முழுப்பாதை வேண்டாம், 688 கிலோமீட்டர் போதும் என்று வீட்டில் சமரசமாகியிருந்தது. ஹனோயிலிருந்து ஹுவேவரை பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். நாலு படுக்கை அறையில் கீழ்ப்படுக்கை இரண்டையும் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். ராத்திரி அந்த மீட்டர் கேஜ் ஆட்டம் வந்ததும், பழைய ராமேஸ்வரம் பாசஞ்சரில் படுத்திருப்பது போல இருந்தது. தூங்கவே இல்லை. ஹுவேயிலிருந்து டா நாங் 103 கிலோமீட்டர்தான், பகல் வண்டி. ஹை வான் மலையைக் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போகும். தெற்கே போகிறவர்கள் இடது பக்கம் உட்கார வேண்டும். சாலையில் 2005இல் திறந்த சுரங்கம் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம், ஆனால் கடல் தெரியாது.

ஹோய் ஆனுக்கு ரயில் இல்லை; டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர். மூன்று ராத்திரி அங்கே. தாளில் மிக நீளமான கிடைக்கோடு அதுதான். அங்கிருந்து ஒரு விடியற்காலை மீ சன் போனோம். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் பத்ரேஸ்வரருக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு. அதன் பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை பெரும்பாலும் செங்கல்லால் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டு விழுந்த குழிகள் இன்னும் பக்கத்திலேயே புல் மூடிக் கிடக்கின்றன. நம் தொல்லியல் துறை சீரமைப்பு வேலை செய்தபோது 2020இல் ஒரே கல்லில் செய்த லிங்கம் கிடைத்தது. ஆவுடையாரைப் பார்த்ததும் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள். கைடு ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடு. அவள் சைவம். அங்கே மீன் சாறு ஊற்றாத குழம்பு அபூர்வம். "ஆன் சாய்" என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்தாள். பௌத்தர்களின் மரக்கறி உணவுக்கு "சாய்" என்று பெயர். பலகையில் அந்தச் சொல் இருக்கிற கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கேயும் பலர் மரக்கறிதான் சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் இன்னும் நிறையக் கிடைக்கும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு ரூபாய்க்கு முன்னூறு டாங் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இருபதாயிரம் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் நோட்டும் நீலம். முதலாவது 70 ரூபாய்க்குள், இரண்டாவது 1,600 ரூபாய்க்கு மேல். ஹனோயில் இளநீர்க்காரியிடம் நான் பெரியதை நீட்ட, மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அன்றிலிருந்து ஐந்து லட்சமெல்லாம் அவள் பர்ஸில்.

டா நாங்கிலிருந்து சைகோன் 935 கிலோமீட்டர். அந்த இடத்தில் நான் தோற்றேன். ஒன்றரை மணி நேர விமானம். சைகோனில் வைத்திருந்த ஸ்லாக் அப்படியே மிச்சமிருந்தது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். செட்டியார்களும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சு அரசு வேலைக்குப் போனவர்களும் வாழ்ந்த ஊர் அது. இப்போது கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர், சீனர். கை நிறைய ஊதுபத்தியோடு நிற்கிறார்கள். மனைவி ஒரு தூணோரம் சாய்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்வதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. டா நாங்கிலிருந்து சைகோன்வரை மட்டும் பென்சிலில் ஒரு சாய்கோடு, புள்ளிபுள்ளியாகப் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அதைப் பார்த்துவிட்டாள். "போங்க, ஆனா தனியாப் போங்க" என்றாள்.