சுவர் யாருடையது, ஏணி யாருடையது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சாய வாளிகள் வந்து இறங்கிவிடும். பகாவ், ஜெராம் பாடாங், ரந்தாவ், லிங்கி, சிலியாவ் என எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு லயத்தின் முன்சுவரில் ஒருவர் ஏறி நின்று சாயம் அடித்துக்கொண்டிருப்பார். கீழே பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஏணி என்பது பெரும்பாலும் யாரோ எப்போதோ பலகை அடித்துச் செய்தது. அதுவும் கிடைக்காவிட்டால் மேசை, மேசைமேல் நாற்காலி. அக்டோபர், நவம்பர் மாதங்கள் வேறு. பிற்பகல் ஆனால் இடியும் மழையும். தரை ஈரம், செருப்பு ஈரம், ஏணிப்படியும் ஈரம்.

இதற்கு யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. முதிர்ந்த பால்மரத்தில் ஏணி சாத்தி உயர வெட்டு வெட்டிய தலைமுறையின் பிள்ளைகளுக்குப் பத்தடி உயரம் ஓர் உயரமாகவே தெரியாது. ஆனால் பத்தடியிலிருந்து காலூன்றி விழுந்தால் முதலில் நொறுங்குவது குதிகால் எலும்பு. குதிகால் அப்படி நொறுங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பும் முறிந்திருக்கும் என்பது எலும்பு மருத்துவர்களுக்குத் தெரிந்த கணக்கு. குலை வெட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு முதுகெலும்பு போனால் வேலை போகும். தோட்ட வீட்டில் குடியிருப்பவருக்கு வேலையோடு வீடும் போகும்.

ஆகவே ஏணி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தச் சுவர் யாருடையது என்பதுதான். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால் சுவரும் நிர்வாகத்துடையது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், கட்டடத்தைப் பழுதில்லாமல் நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளியிடமே வைத்திருக்கிறது. தீபாவளிக்கு என்ன நிறம் என்பது உங்கள் ஆசை. ஆனால் பாசி படிந்து, காரை உதிர்ந்து நிற்கும் வெளிச்சுவரைச் சீர்செய்வது பராமரிப்பில் சேரும் என்பதே என் உறுதியான கருத்து. சாய வாளியை மட்டும் கொடுத்துவிட்டு ஏறும் வேலையைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது சரியல்ல. எழுத்தில் கேளுங்கள். வீட்டு எண், சுவரின் படம், தேதி போட்டு நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் சிரம்பானில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் செய்யலாம். சங்க உறுப்பினராக இருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வழியாகவும் கேட்கலாம்.

சொந்த வீடு என்றால், அல்லது எப்படியும் நாமேதான் அடிக்கப் போகிறோம் என்றால், ஏணி எவ்வளவு தேவை என்று அளந்து பாருங்கள். ஒற்றை மாடி லயத்து வீட்டின் வெளிச்சுவர் பெரும்பாலும் எட்டடி முதல் பத்தடிக்குள் முடிந்துவிடும். ஐந்தரை அடி மனிதர் கையைத் தூக்கினால் ஆறரை அடிக்கு மேல் எட்டும். ரோலரில் நாலடி நீட்டுக் கம்பு ஒன்றை மாட்டிவிட்டால் சுவரின் பெரும் பகுதியைத் தரையில் நின்றே அடித்து முடிக்கலாம். தூரிகை தேவைப்படுவது கூரைக்கு அடியில் உள்ள ஒரு சாண் ஓரத்துக்கும் சன்னல் மேல்விளிம்புக்கும்தான். இந்தக் கம்பின் விலை நல்ல ஏணியின் விலையில் சிறு பங்கு. ஏணி விபத்தைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஓரத்துக்காக ஏறத்தான் வேண்டும் என்றால், மூன்று அல்லது நான்கு படியுள்ள, மேலே அகலமான நிற்கும் தட்டும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடியும் உள்ள மடக்கு ஏணி போதும். தட்டு மூன்றடி உயரத்துக்குள் இருந்தாலே பத்தடிச் சுவரின் உச்சி கைக்கு எட்டிவிடும். மடக்கினால் கதவுக்குப் பின்னால் நிற்கும். ஒரு கையால் தூக்கலாம். இடம் குறைந்த வீட்டுக்கு, சாய வேலைக்கு, இதுதான் என் முதல் தேர்வு.

கடைக்காரர் காட்டுவது வேறாக இருக்கலாம். இப்போது மைவி காரின் பின்புறத்தில் அடங்கும் ஏணிகளைத்தான் பலரும் விரும்புகிறார்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நான்கு துண்டுகளாக மடங்கி, மூட்டுகளில் பூட்டிக்கொள்வது. மற்றொன்று, குழாய்க்குள் குழாயாக உள்ளிழுத்துக்கொள்ளும் டெலெஸ்கோப் ஏணி. விரித்தால் பன்னிரண்டடி இருப்பது மடக்கினால் மூன்றடியாகிவிடும். இந்தச் சுருக்கத்துக்கு விலை உண்டு. ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு பூட்டும் தவறுவதற்கான ஓர் இடம். டெலெஸ்கோப் ஏணியில் ஒவ்வொரு படிக்கும் இரு பக்கமும் பூட்டு ஊசிகள் இருக்கும். ஒரு பக்கம் விழாவிட்டாலும் ஆள் நிற்கும்போது ஏணி உள்ளே சரியும். சாய வேலைக்கு அதைப் பரிந்துரைக்க நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழிந்த சாயம் குழாயில் காய்ந்துவிட்டால் அடுத்த முறை ஊசி முழுதாக இறங்காது. மண்ணும் மணலும் அதே வேலையைச் செய்யும். பிரிட்டனில் இணையக் கடைகளில் விற்கப்பட்ட பல டெலெஸ்கோப் ஏணிகள் ஐரோப்பியத் தரத்துக்கு ஒத்துவராதவை என அரசின் பொருள் பாதுகாப்பு அலுவலகம் எச்சரித்திருக்கிறது. நம் கைப்பேசியிலும் அதேபோன்ற பெயர் தெரியாத ஏணிகள் மலிவு விலையில் வந்து நிற்கின்றன.

வாங்கும்போது ஏணியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். இஎன் 131 என்ற ஐரோப்பியத் தரத்தில் அதிகபட்சச் சுமை 150 கிலோ. இது ஆளின் எடை மட்டுமல்ல. சாய வாளி, கருவி எல்லாம் சேர்ந்தது. ஐந்து லிட்டர் சாயமே ஆறேழு கிலோ வரும். அந்தத் தரம் 2018இல் இறுக்கப்பட்டபோது, மூன்று மீட்டருக்கு மேற்பட்ட சாத்தும் ஏணிகளுக்கு அடியில் அகலக் குறுக்குச் சட்டம் வேண்டும் என்றானது. தாளை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம் என்பதால் கடையிலேயே விரித்துப் பாருங்கள். எல்லாப் பூட்டும் சத்தத்தோடு விழுகிறதா, கால்களில் ரப்பர் முழுசாக இருக்கிறதா, முதல் படியில் ஏறி நின்று அசைத்தால் சட்டம் முறுக்குகிறதா என்று பாருங்கள். முன்பு வளைந்து நிமிர்த்தப்பட்ட அலுமினிய ஏணியை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பழைய மர ஏணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மிச்சச் சாயத்தை அதற்கு அடிக்காதீர்கள். மரத்தில் விழுந்த விரிசலைச் சாயம் மூடிவிடும்.

சாத்தும் ஏணி என்றால் சாய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே. ஏணியின் அடியில் கால்விரலை வைத்து நிமிர்ந்து நின்று இரு கைகளையும் நேரே நீட்டினால் உள்ளங்கை படியில் படவேண்டும். பத்தடிச் சுவருக்கு ஏணியின் கால் இரண்டரை அடி தள்ளி நிற்க வேண்டும். லயத்து வீட்டுக்காரருக்கு இங்கேதான் சிக்கல். பல லயங்களில் சுவரை ஒட்டிய சிமெண்ட் திட்டும், அதை ஒட்டிய திறந்த கால்வாயும் சரியாக அந்த இரண்டரை அடியில்தான் ஓடுகின்றன. ஆகவே சிலர் ஏணியைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைக்கிறார்கள். ஏறியவர் சற்றே பின்னால் சாய்ந்தால் ஏணியோடு மல்லாந்து போவார். சிலர் கால்வாய்க்கு அப்பால் புல்தரையில் வைக்கிறார்கள். சரிவு கூடி, ஈர மண்ணில் கால் வழுக்கும். சிலர் கால்வாய்மேல் பலகை போட்டு அதில் ஏணியை ஊன்றுகிறார்கள். மூன்றும் வேண்டாம். கால்வாய் தடுக்கும் இடத்தில் நீட்டுக் கம்பு ரோலர்தான் தீர்வு. அதுவும் எட்டாத இடத்துக்குச் சாரம்.

சாய்வு சரியாக இருந்தாலும் ஏணி எதில் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய தோட்ட வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு காலத்தால் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். அதன் விளிம்பிலோ பிளாஸ்டிக் நீர்த்தாரையிலோ ஏணியைச் சாத்தக் கூடாது. கூரைமேல் கால் வைக்கவே கூடாது. சாத்தும் ஏணியில் மேல் மூன்று படிகள் நிற்பதற்கு அல்ல. வயிற்றுத் தொப்புள் இரு பக்கச் சட்டங்களுக்கு வெளியே போகும் அளவுக்கு எட்டி அடிக்காதீர்கள். இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இப்படி நகர்த்தச் சோம்பும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பலர் விழுகிறார்கள்.

மின்கம்பி பற்றி நின்று சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து கூரை ஓரத்துக்கு வரும் கம்பி, நீங்கள் ஓரம் அடிக்கும் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது. உறை போட்ட கம்பி என்று நம்ப வேண்டாம். வெயிலில் உறை வெடித்திருக்கும். அலுமினிய ஏணி மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ரோலர் கம்பும் கடத்தும். இதைப் பலர் நினைப்பதே இல்லை. ஈர மர ஏணியும் கடத்தும். கம்பி வரும் பக்கத்துக்குக் கண்ணாடியிழை ஏணியும் கண்ணாடியிழைக் கம்பும் வாங்குங்கள். அவற்றையும் கம்பியில் படவிடாதீர்கள். அமெரிக்கத் தொழில் விதி, உறையற்ற மின்கம்பிக்குப் பத்தடிக்குள் ஆளோ கருவியோ போகக் கூடாது என்கிறது. கம்பி தாழ்ந்தோ உறை கிழிந்தோ இருந்தால் தெனாகாவின் 15454 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

தோட்டத்தை விட்டு செனவாங், நீலாய் தாமான்களுக்குப் போனவர்களின் இரட்டை மாடி வீட்டுக்கு இந்த ஏணிகள் எதுவும் பொருந்தா. பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம், ஏணியில் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் வேறு சாதனம் தேடச் சொல்கிறது. இரண்டாம் மாடிச் சுவர் அரை மணி நேர வேலையல்ல. சாரம் போடும் சாயக்காரரை அமர்த்துங்கள். அவர் தனியாளாகத் தொழில் செய்பவர் என்றால், 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சந்தா கட்டியிருக்கிறாரா என்று கேட்டபின் வேலையைக் கொடுங்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இனி, தோட்டமே உங்களைச் சாயம் அடிக்க அனுப்பினால்? அலுவலகமோ கோயில் மதிலோ லயமோ, மண்டோர் சொல்லி ஏறினால் அது வேலைதான். உங்கள் வழக்கமான வேலை குலை வெட்டுவதாக இருந்தாலும் சரி. அப்போது ஏணி முதலாளியின் பொறுப்பு. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை இப்போது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்புச் சாதனத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. புகார் செய்ததற்காக வேலைநீக்கம் செய்யவும் கூடாது. "இந்த ஏணி ஆடுகிறது, வேறு வேண்டும்" என்பதை மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

விழுந்துவிட்டால், முதுகோ கழுத்தோ வலிக்கிறது என்பவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். உருவி விடுகிறவரிடம் கொண்டு போவதும், டிரெசர் தரும் வலி மாத்திரையோடு இரவைக் கடத்துவதும் முறிந்த எலும்பை இன்னும் கெடுக்கும். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையோ போர்ட்டிக்சன், குவாலா பிலா, ஜெம்போல், தம்பின் மருத்துவமனைகளோ, அருகில் இருப்பதற்குப் போங்கள். வேலையில் ஏணியிலிருந்து விழுந்தேன் என்பதை மருத்துவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி மருத்துவ அறிக்கையில் ஏறிவிட்டால் சொக்சோ கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும்.

வேலை விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களோ குடும்பத்தாரோ சிரம்பான் அலுவலகத்துக்குப் போகலாம். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளாவது மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக ஊனத்துக்கு நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்குத் தனி உதவி உண்டு. மீண்டும் நடக்கவும் வேலைக்குத் திரும்பவும் பயிற்சி தர மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். சொக்சோவில் காப்புப் பெற்ற தொழிலாளி வேலை விபத்துக்காக முதலாளிமீது தனியாக நட்டஈட்டு வழக்குப் போடச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால்தான் இந்தக் கோரிக்கையைச் சரியாகச் செய்வது இவ்வளவு முக்கியம்.

விடுமுறை நாளில் சொந்த வீட்டுக்குச் சாயம் அடித்து விழுந்தால் அது வேலை விபத்தாகாது. ஆனால் சந்தா தகுதி உள்ளவர் இனி வேலை செய்யவே முடியாத அளவுக்கு ஊனமுற்றால், விழுந்த இடம் எதுவானாலும் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஏணியில் ஏறுவது பல வீடுகளில் அம்மாதான். 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிக்கு வீட்டைக் கவனிக்கும்போது நேரும் விபத்துக்கும் காப்பு கிடைக்கும். சந்தா விபத்துக்கு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். தீபாவளிச் செலவுப் பட்டியலில் சாயத்துக்கு முன்னால் இதை எழுதுங்கள்.

உடைந்தது ஏணியே என்றால் அதைக் குப்பையில் எறியாதீர்கள். ரசீது, தாள், உடைந்த மூட்டின் படம் எல்லாவற்றோடும் பத்திரமாக வையுங்கள். ஏணிக்குக் கொடுத்த பணத்தை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் கேட்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, உச்ச வரம்பு 50,000 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். உடற்காயத்துக்கான நட்டஈட்டை அந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பழுதான பொருளுக்கு உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பொறுப்பு என்ற பகுதியை வைத்து நீதிமன்றம் போக வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையை அணுகலாம். சொக்சோ கோரிக்கையை நிராகரித்தால், கடிதம் கிடைத்த 90 நாளுக்குள் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும். கடிதம் வந்த தேதியை உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.