சிறப்புப் பள்ளியிலிருந்து பொது வகுப்பறைக்கு: கோவை ஆய்வு மையமும் விழுப்புரம், திண்டிவனம் தமிழ்த்துறைகளும்

தமிழகத்தில் மாற்றுத்திறனாளர் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாளையங்கோட்டையிலிருந்தே தொடங்குவர். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் அங்குப் பார்வையற்றோர்க்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் சுவெயின்சன் செவித்திறன் குறைந்தோர்க்கான பள்ளியை அமைத்தார். இவை தனிப்பள்ளிகள், விடுதியோடு கூடியவை. எழுத்தறிய விரும்பிய பார்வையற்ற குழந்தை வீட்டையும் ஊரையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இந்நிலையே நீடித்தது.

1974இல் மத்திய அரசு கொண்டுவந்த ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் இந்நிலையில் முதல் மாற்றத்தை ஏற்படுத்தியது. குழந்தை தன் ஊர்ப் பள்ளியிலேயே பயிலலாம் என்பது கொள்கையாயிற்று. ஆனால் அக்குழந்தைக்குக் கற்பிக்கும் ஆசிரியரை யார் பயிற்றுவிப்பது என்ற வினா எஞ்சியது. அதற்கு விடையளித்த நிறுவனங்களுள் ஒன்று கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இக்கல்விநிலையத்தில் மாற்றுத்திறனாளர்க்கான பன்னாட்டு மனிதவள மேம்பாட்டு மையம் உருவாயிற்று. அம்மையத்தை வளர்த்தவர்களுள் பேராசிரியர் எம். என். ஜி. மணி குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் பார்வைக் குறைபாடுடையோர் கல்விக்கான பன்னாட்டு அவையின் தலைமைப் பொறுப்பாளருள் ஒருவராகவும் அவர் விளங்கினார். பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நுட்பங்கள் பற்றி 1992இல் அவர் எழுதிய நூலும், கணிதம் கற்பித்தல் பற்றிப் பிறரோடு இணைந்து 2005இல் வெளியிட்ட கையேடும் வகுப்பறை ஆசிரியரை நோக்கியே எழுதப்பட்டவை.

இதற்கிடையே சட்டச்சூழல் விரைந்து மாறியது. 1992இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சாலமன்கா நகரில் கூடிய மாநாட்டில் 92 அரசுகளின் பேராளர்கள் பொதுப்பள்ளியே அனைவர்க்குமான பள்ளி என்னும் கொள்கையை ஏற்றனர். 1995ஆம் ஆண்டுச் சட்டமும், குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் தொடர்ந்தன. 2005இல் இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, கோவை மையத்தின் பணி அதன் மாற்றுத்திறன் மேலாண்மை மற்றும் சிறப்புக் கல்விப் புலமாக வடிவெடுத்தது. ஆசிரியர் பயிற்சிக்கென அமைந்த மையம் பல்கலைக்கழக ஆய்வுப்புலமாக உயர்ந்த வரலாறு இதுவே.

இவ்வளர்ச்சியில் ஓர் இடைவெளி தெரிகிறது. கணிதத்திற்குக் கிடைத்த கவனம் தமிழ் எழுத்துக் கற்பித்தலுக்குக் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. மொழி பற்றிய வினாக்களைக் கல்வியியல் புலத்தார் தமக்கு அப்பாற்பட்டனவாகக் கருதினர். தமிழ்த்துறையினரோ அவை கல்வியியலுக்கு உரியன என்று விலகி நின்றனர். கலைச்சொல்லிலேயே இவ்விலகலைக் காணலாம். ‘உள்ளடக்கிய கல்வி’ என்னும் தொடர் இன்று நிலைபெற்றுவிட்டது. ஆயினும் ‘அடக்குதல்’ என்பதன் ஆளுகைப் பொருள் அதில் சற்றே நெருடுகிறது. தமிழ்ப் புலமையாளர் உரிய காலத்தில் கலந்துகொண்டிருந்தால் வேறொரு சொல் அமைந்திருக்கக்கூடும்.

பிரெயில் முறையை நோக்கினால் இழப்பின் அளவு புலப்படும். விடுதலைக்குப்பின் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழ் எழுதப்படுகிறது. அச்செழுத்தில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கும். பிரெயிலில் ‘கொடு’ என்னும் சொல் க, ஒ, ட, உ என நான்கு கட்டங்களாக ஒலிமுறையிலேயே அமையும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பியக் கருத்து இங்கு வரிவடிவாகவே நிற்கிறது. உயிருக்கும் உயிர்க்குறிக்கும் ஒரே கட்டம்தான். அகரமேறிய மெய்யை அடுத்துத் தனி உயிர் வருமாயின் மயக்கம் நேரலாம். அதனைத் தவிர்க்க இடையில் அகரக் கட்டம் இடுவர். ஆனால் தமிழ்ச் சொல்லினுள் இரண்டு உயிர்கள் உடம்படுமெய் இன்றி அடுத்து வருவது அரிது. ஆதலின் அவ்விதிக்குத் தமிழில் வேலை மிகக் குறைவு. புள்ளியின் நிலை மட்டும் தலைகீழானது. அச்சில் மெய்யின் மேல் இடப்படும் புள்ளி, பிரெயிலில் நான்காம் புள்ளியாக மெய்க்கு முன்னரே வந்துவிடும். விரல் முதலில் புள்ளியை உணர்ந்து, பின்னரே எழுத்தை அறிகிறது. புள்ளி இல்லாவிடில் அகரமேறியது என்பது இரண்டிற்கும் பொது. எழுத்ததிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் இது சுவையான பாடம்.

இன்று பிரெயிலின் இடத்தைத் திரைவாசிப்பு மென்பொருள் பிடித்து வருகிறது. அதன் பயன் மறுக்கவியலாதது. எனினும் செவிவழி மட்டுமே தமிழ் கற்பவர்க்கு நகரமும் னகரமும் ஒன்றே. ரகர றகர வேறுபாடும் பலர் பேச்சில் மங்கிவிட்டது. தேர்விலோ அவர் சொல்ல மற்றொருவர் எழுதுகிறார். விடைத்தாளிலுள்ள பிழைகள் எழுதுநருடையனவா, மாணவருடையனவா என்று திருத்துவோர் அறிய வழியில்லை. இலக்கணம் பயிலும் மாணவர் ஒற்றுமிகுதலை எழுத்தாகத் தொட்டறியாமலே பட்டம் பெறும் நிலை உருவாகிறது. பார்வையற்ற மாணவர் பலர் இளங்கலைத் தமிழ் இலக்கியத்தைத் தேர்வதால் இது தமிழ்த்துறையின் நேரடிச் சிக்கலாகும்.

கோவையில் மையம் அமைந்தமையால் மட்டும் வடதமிழக மாணவர்க்கு இக்குறை தீர்ந்துவிடாது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் உயர்கல்வி பிறவூர்ப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தே இயங்கியது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய பல்கலைக்கழகத்திற்குச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது கைவிடப்பட்டு, இம்மாவட்டக் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க முடிவாயிற்று. அரசியல் விவாதத்தை ஒதுக்கிவிட்டு நோக்கினால், தமிழ்ப் புலமைக்கும் கல்வியியலுக்கும் ஒருங்கே இடமளித்த பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இக்கல்லூரிகள் வந்தமை ஒரு வாய்ப்பே.

தனி மையம் ஒன்று எழும்வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை. வட்டார வள மையங்களில் பணிபுரியும் சிறப்பாசிரியர்கள் பிரெயில் அறிந்தவர்கள். தமிழ்த்துறையினர் எழுத்திலக்கணம் அறிந்தவர்கள். இருவரும் சேர்ந்து முதலாண்டுத் தமிழ் மாணவர்க்கான பிரெயில் எழுத்துப் பயிற்சிநூல் ஒன்றை உருவாக்கலாம். அதன் முதற்பகுதி புள்ளியும் ஒற்றும் பற்றியதாக அமையட்டும். செவிவழிக் கல்வி பெரிதும் விட்டுவிடுவது அவற்றையே.